ஒரு நொடி இடைவெளி: கோழியைக் காக்க வந்த மின்வேலியின் பயணம்

அந்தி சாய்ந்ததும் கோழிகளைப் பஞ்சாரத்தில் அடைத்து, அதன் தலையில் ஒரு கல்லைத் தூக்கி வைத்துவிட்டுப் படுக்கப் போவது நம் கிராமத்துப் பெண்களுக்கு அன்றைய பொழுதின் கடைசி வேலை. கல் வைக்க மறந்தால் விடியும்போது வாசலில் இறகுகள்தான் கிடக்கும். ஐந்தாறு கோழி வளர்க்கிற வீட்டுக்குப் பஞ்சாரமும் கல்லும் போதும். ஐந்நூறு கோழிகளைத் தோட்டத்தில் மேயவிட்டு வளர்க்கிறவர் எத்தனை பஞ்சாரம் கவிழ்ப்பார்?

அப்படிப்பட்டவருக்காக வந்ததுதான் மின்சாரம் ஓடும் கோழி வலை. இடுப்புயரம் இருக்கும். பிளாஸ்டிக் கயிற்றால் பின்னியது. ஒரே ஆள் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு போய் வேறு இடத்தில் நட்டுவிடலாம். அதன் ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி. இரவில் பக்கத்தில் நின்றால் பெட்டிக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். பிறகு ஒரு நொடி மௌனம். மறுபடி 'டிக்'. விடியும் வரை இதுதான்.

மனிதரைக் கொல்வதற்கென்றே இழுக்கப்பட்ட கம்பிதான் பிற்காலத்தில் நரியைக்கூடக் கொல்லாமல் திருப்பி அனுப்பும் வேலியானது. அந்த ஒரு நொடி மௌனம்தான் அதை மாற்றியது. அந்த மௌனம் எங்கே, எப்படிப் பிறந்தது, நம் ஊருக்கு வரும் வழியில் எங்கே தொலைந்துபோகிறது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

இருட்டில் நடப்பது

நரி ஒரு கோழியைத் தூக்கிப் போனால் வளர்ப்பவர் பொறுத்துக்கொள்வார். கூண்டுக்குள் நுழைந்த நரி இருபது கோழியைக் கடித்துப் போட்டுவிட்டு ஒன்றை மட்டும் எடுத்துப் போவதைத்தான் அவரால் தாங்க முடிவதில்லை. 'கொழுப்பெடுத்துக் கொல்கிறது' என்று ஐரோப்பிய விவசாயியும் நினைத்தார், நம் விவசாயியும் நினைக்கிறார். துப்பாக்கி, பொறி, விஷம் என்று நரியின் மேல் பாய்ந்த கோபத்துக்கெல்லாம் இந்தக் காட்சியே காரணம்.

ஹான்ஸ் குரூக் என்ற டச்சு விலங்கியலாளர் இந்தக் காட்சியை வேறு கண்ணால் பார்த்தார். இங்கிலாந்தின் ரேவன்கிளாஸ் கடற்கரையில் தரையில் கூடு கட்டும் கடற்பறவைகளை ஆராய்ந்தவர் அவர். நிலா இல்லாத கும்மிருட்டு இரவுகளுக்கு மறுநாள் காலையில், செந்நரி கொன்றுவிட்டுத் தின்னாமலே போன பறவைகள் அங்கே ஏராளமாகக் கிடந்தன. அந்த இருட்டில் பறவைகள் எழுந்து பறக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே இருந்தன. 1972இல் வெளியான அவருடைய ஆய்வுக் கட்டுரை, பசி தீர்ந்த வேட்டை விலங்கு இரை தேடி அலைவதை நிறுத்திவிடும், ஆனால் கண்ணெதிரே தப்பி ஓடாத இரை இருந்தால் கொல்லும் தூண்டுதல் அதனிடம் நின்றுபோவதில்லை என்று விளக்கியது.

கோழிக்கூண்டுக்கு இது அப்படியே பொருந்தும். இருட்டினால் கோழிக்குக் கண் தெரியாது. அடைந்த இடத்தை விட்டு நகராது. நகர நினைத்தாலும் கூண்டுக்கு வெளியே போக வழி இல்லை. காட்டில் ஒரு பறவையைப் பிடிப்பதற்குள் மற்றவை பறந்துவிடும் என்பதால் நரியின் உடம்பு 'போதும்' என்று நிறுத்தப் பழகியதே இல்லை. ஆகவே நரியிடம் வன்மத்தைத் தேடிப் பயனில்லை. நரியும் கோழியும் ஒரே கூண்டுக்குள் சந்திக்காமல் பார்த்துக்கொள்வதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஒரு நரியைச் சுட்டுக் கொன்றாலும் அது ஆண்ட இடம் காலியாகக் கிடப்பதில்லை. எல்லை காக்கும் விலங்கு அது. இடம் காலியானால் இளம் நரி ஒன்று வந்து குடியேறும். புதிதாக வந்த நரிக்கு அந்தக் கோழிக்கூண்டைப் பற்றி எந்தப் பயமும் இருக்காது. வேலியில் ஒருமுறை சூடுபட்ட பழைய நரி தன் எல்லைக்குள் உயிரோடு இருப்பது பண்ணைக்காரருக்கு லாபம். சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது என்று நாம் சொல்கிறோமே, மின்வேலியின் தத்துவம் அவ்வளவுதான்.

கொல்வதற்காக இழுத்த கம்பி

மின்சாரம் பாய்ந்த வேலியை உலகம் தொடக்கக் காலத்திலேயே போருக்காகக் கற்பனை செய்தது. 1889இல் வெளிவந்த மார்க் ட்வைனின் நாவல் ஒன்றின் இறுதிப் போரில் குதிரைவீரர்கள் மின்கம்பியில் பட்டுக் கூட்டம் கூட்டமாகச் சாகிறார்கள். பதினைந்து ஆண்டுகள் கழித்து ரஷ்ய–ஜப்பானியப் போரில் போர்ட் ஆர்தர் கோட்டையைக் காக்க ரஷ்யர்கள் மின்வேலியை நிஜமாகவே இழுத்தார்கள். 1915இல் ஜெர்மானிய இராணுவம், தான் பிடித்து வைத்திருந்த பெல்ஜியத்துக்கும் நடுநிலை நாடான நெதர்லாந்துக்கும் இடையிலான எல்லையில் 2,000 வோல்ட் கம்பியை நிறுவியது. பெல்ஜியத்திலிருந்து தப்பிப் போக முயன்றவர்களும், ஒற்றர்களும், கடத்தல்காரர்களும், மின்சாரத்தைக் கண்ணால் பார்த்திராத கிராமத்து மக்களும் அதில் மாண்டார்கள். 'சாவுக் கம்பி' என்று அந்த ஊர்க்காரர்கள் வைத்த பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது.

அந்தக் கம்பியில் மின்சாரம் இடைவிடாமல் ஓடியது. பட்டவரை விடவில்லை.

1930களில் அமெரிக்கப் பண்ணைகளுக்கு மின்வேலி வந்தபோதும் பல இடங்களில் இதே நிலைதான். பல வரிசை முள்கம்பி செய்கிற வேலையை ஒற்றைக் கம்பி செய்துவிடுகிறது என்றதும் விவசாயிகள் வீட்டு மின்சாரத்தைத் தாங்களே இழுத்துக் கட்டினார்கள். மாடும் செத்தது, மனிதரும் செத்தார்கள். உயிர்ச்சேதம் பெருகியதும், எவ்வளவு மின்சாரம், எவ்வளவு நேரம் பாய்ந்தால் உடம்பு தாங்கும் என்ற கேள்வி எழுந்தது. மின்கருவிகளைச் சோதித்துச் சான்று தரும் அமெரிக்க அமைப்பான அண்டர்ரைட்டர்ஸ் லேபரட்டரீஸ் 1939இல் மின்வேலியின் அதிர்ச்சியைப் பற்றி மட்டும் தனி ஆய்வறிக்கை வெளியிட்டது. 1940களில் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சீல், மின்கம்பியைப் பிடித்த கை எந்த அளவு வரை தானாக விட முடியும் என்று தன்னார்வலர்களைக் கொண்டு அளந்தார். ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு அதைவிடக் குறைவு. அதற்கு மேல் போனால் கைத்தசைகள் இறுகிவிடும். விட வேண்டும் என்று மூளை கதறினாலும் விரல் விரியாது.

இடைவெளி ஏன் வேண்டும் என்பதற்கு விடை இதில் இருக்கிறது. அடி எவ்வளவு பலமானது என்பதைவிட, அடித்த பிறகு தப்பிக்க நேரம் கொடுக்கிறதா என்பதே உயிரைத் தீர்மானிக்கிறது.

வைகாட்டோவின் குதிரை

நியூசிலாந்தின் வைகாட்டோ பகுதி பால்மாடுகளின் நாடு. அங்கே ஹாமில்டன் நகரத்துக்கு அருகில் பில் கல்லாகர் என்ற விவசாயி இருந்தார். 1930களில் அவர் வைத்திருந்த எசெக்ஸ் காரில் 'ஜோ' என்ற குதிரை முதுகு சொறிந்துகொள்ளும் பழக்கம் வைத்திருந்தது. கார் ஆடினால் சுற்று இணைந்து, காரின் உடம்பில் மின்சாரம் ஒரு கணம் துள்ளும்படி அவர் ஒரு ஏற்பாடு செய்தார். குதிரை மறுபடி காரின் பக்கம் வரவில்லை. காருக்குச் செய்ததை வேலிக்கும் செய்தால் என்ன என்று தோன்றியது. அதுவே தொழிலானது. 1938இல் அவர் தொடங்கிய நிறுவனம் பிற்பாடு உலகமெங்கும் மின்வேலிப் பெட்டிகளை விற்றது.

நியூசிலாந்து அரசு ஒன்றில் கண்டிப்பாக இருந்தது. 1961 வரை வேலிப் பெட்டியை வீட்டு மின்சாரத்தோடு இணைக்கச் சட்டம் இடம் தரவில்லை. பேட்டரியில் ஓடும் பெட்டிக்கு வலு குறைவு. புல் வளர்ந்து கம்பியைத் தொட்டால் மின்சாரம் முழுவதும் மண்ணுக்குள் இறங்கிவிடும். வேலி சில நூறு மீட்டருக்கு மேல் எட்டவில்லை.

அதே ஹாமில்டனில் இருந்த ருவாகுரா வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் டக் பிலிப்ஸ் என்பவர் 1962இல் இதற்கு வழி கண்டார். மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு மின்தேக்கியில் சேர்த்துக்கொண்டே வந்து, நொடிக்கு ஒருமுறை, ஒரே வீச்சில், கண்ணிமைக்கும் நேரத்தில் சிறு பங்குக்குள் கொட்டிவிடும் பெட்டி அது. வீச்சு அவ்வளவு வேகமாக இருப்பதால், கம்பியைத் தொடும் புல் வழியே கசிந்து தீர்வதற்குள் பெரும்பகுதி கம்பியின் கோடிக்குப் போய்ச் சேர்ந்துவிடும். வேலியின் எட்டும் தூரம் பல கிலோமீட்டர் ஆனது. இன்று உலகமெங்கும் உள்ள வேலிப் பெட்டிகளின் மூலக்கரு இதுதான்.

இந்த வேலியில் எட்டாயிரம் வோல்ட் என்று கேட்டதும் நாம் மிரள்கிறோம். வீட்டில் உள்ள 230 வோல்ட்டே கொல்கிறதே என்கிறோம். ஒரு செம்பு நீரை முகத்தில் வீசியடித்தால் பளீரென்று வலிக்கும், அவ்வளவுதான். அதே முகத்தை வாய்க்காலுக்குள் அமுக்கிப் பிடித்தால் உயிர் போகும். முதலாவது வேலிப் பெட்டி. இரண்டாவது வீட்டு மின்சாரம். வேலிப் பெட்டிகளுக்கான சர்வதேசத் தரவிதி இதையே எண்களில் சொல்கிறது. ஒரு வீச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு நொடிக்குக் குறையக் கூடாது. ஒரு வீச்சு 10 மில்லி நொடியைத் தாண்டக் கூடாது. அதன் ஆற்றல் 5 ஜூலுக்கு மேல் போகக் கூடாது. கோழி வலைக்குப் பெரும்பாலும் ஒரு ஜூல்கூடத் தேவைப்படாது.

நரியின் மூக்கு

மாட்டுக்காக வளர்ந்த வேலி நரியைச் சந்தித்த இடங்களில் ஒன்று ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கடற்கரை. ஃபோர்வி மணற்குன்றுகளில் ஆலா என்னும் கடற்பறவைகள் கூட்டமாகத் தரையில் முட்டையிடுகின்றன. நரி அங்கேயும் இருட்டில் வரும். மின்வேலியால் நரியின் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்த முடியுமா என்று அங்கே சோதித்துப் பார்த்து, ஐ. ஜே. பேட்டர்சன் என்ற ஆய்வாளர் 1977இல் எழுதினார். தரையில் அடையும் பறவையைக் காப்பது என்ற வகையில் ஆலாவுக்கும் கோழிக்கும் வேறுபாடு இல்லை. பிரிட்டனில் கோழிகளை மேயவிட்டு வளர்ப்பவர்களிடம் இன்று மின்வலை சாதாரணப் பண்டம்.

அந்த வலையைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். கிடைமட்டக் கயிறு ஒவ்வொன்றிலும் பிளாஸ்டிக் நூலோடு நூலாக, தலைமுடியைப் போல மெல்லிய எஃகு இழைகள் ஓடுகின்றன. மின்சாரம் அந்த இழைகளில்தான் போகிறது. செங்குத்து நூல்களில் எஃகு கிடையாது. தரையைத் தொடும் அடிக்கயிற்றிலும் கிடையாது, இருந்தால் மின்சாரம் அப்படியே மண்ணுக்குப் போய்விடும். கீழே கண்கள் சிறியவை, மேலே போகப் போகப் பெரியவை. பெட்டியிலிருந்து ஒரு ஒயர் வலைக்குப் போகிறது, இன்னொன்று மண்ணில் அடித்த எர்த் கம்பிக்கு.

ஆளுயரக் கம்பி வலையையே ஏறித் தாண்டும் நரி, இந்த இடுப்புயர வலையின் முன் ஏன் நிற்கிறது? நரி எதையும் தாண்டுவதற்கு முன்னால் மோந்து பார்க்கும். அடியில் நுழைய இடம் இருக்கிறதா என்று மூக்கை நீட்டும். உடம்பு முழுவதும் காய்ந்த மயிர், மின்சாரம் ஏறாது. மூக்கு மட்டும் எப்போதும் ஈரம். பெட்டியிலிருந்து புறப்பட்ட வீச்சு வலை வழியாக மூக்கில் ஏறி, கால் வழியாக மண்ணில் இறங்கி, எர்த் கம்பி வழியாகப் பெட்டிக்கே திரும்புகிறது. நரி துள்ளிப் பின்வாங்குகிறது. அந்த ஒரு நொடி மௌனம் அது ஓடிப் போவதற்காக வைத்தது. ஓடிப் போன நரிக்குக் காயம் இல்லை. ஆனால் அந்த வலை என்றால் என்ன என்று இனி அதற்குத் தெரியும். கோழிக்கு இறகே காப்பு. கொண்டையோ அலகோ பட்டால் அதுவும் ஒன்றிரண்டு நாளில் கற்றுக்கொண்டு தள்ளி மேயும்.

இதன் குறைகளையும் சொல்லியாக வேண்டும். மண் காய்ந்தால் மின்சாரம் திரும்பி வரும் வழி அடைபட்டு வீச்சு சுரத்தில்லாமல் போகும். எர்த் கம்பியின் அடியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கும். புல் வளர்ந்து வலையில் சாய்ந்தாலும் வலு குறையும். ஒரே ஒரு இரவு பேட்டரி தீர்ந்தால் போதும், பாடம் கற்காத நரி உள்ளே வந்துவிடும். ஆகவே வலை இருந்தாலும் இரவில் கூண்டுக் கதவைச் சாத்தத்தான் வேண்டும். பஞ்சாரத்தின் மேல் வைத்த கல்லுக்கு இன்னும் வேலை இருக்கிறது.

இதைவிடக் கனமான குறை ஒன்றும் உண்டு. இடைவெளி கொடுத்தாலும் ஓடத் தெரியாத உயிர்கள் இருக்கின்றன. தேரை, தவளை, முள்ளெலி போன்றவை அதிர்ச்சி பட்டால் அதே இடத்தில் ஒடுங்கிக்கொள்ளும். தென்னாப்பிரிக்காவின் மின்வேலிகளில் எறும்புத்தின்னி தாழ்ந்த கம்பியைச் சுற்றியே சுருண்டு, அடுத்தடுத்த வீச்சில் இறந்துபோவதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கம்பியைத் தாழ்வாகக் கட்டும்போதெல்லாம் இந்த உயிர்களையும் நினைக்க வேண்டும். வலையைக் காலையில் ஒருமுறை சுற்றிப் பார்த்து, சிக்கியதை விடுவித்துவிடும் பண்ணைக்காரரே நல்ல பண்ணைக்காரர்.

பெட்டி இல்லாமல் வந்த கம்பி

நம் ஊரில் நரி என்று சொல்வது பெரும்பாலும் குள்ளநரியை. சேலம் பக்கம் பொங்கலை ஒட்டி வங்காநரி ஜல்லிக்கட்டு என்று ஒரு பழைய வழக்கம் இருந்தது. வங்காநரி என்ற இன்னொரு வகை நரியைப் பிடித்து வந்து, ஊர் மக்கள் முகம் பார்த்த பிறகு விட்டுவிடுவார்கள். வனத்துறை அதற்குத் தடை விதித்திருக்கிறது. நரி முகத்தில் விழித்தால் நல்லது நடக்கும் என்று நம்புகிறவர்கள் நாம். குள்ளநரி, வங்காநரி இரண்டுமே 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் இருக்கின்றன. அவற்றைக் கொல்வது குற்றம். கோழியையும் காக்க வேண்டும், நரியையும் கொல்லக் கூடாது என்றால் அந்த டிக் சத்தம் போடும் பெட்டி நமக்காகவே செய்தது போல இருக்கிறது.

பெட்டி வந்தது. சோலார் வேலி என்ற பெயரில், யானைக்கும் காட்டுப்பன்றிக்கும் எதிராக, தமிழ்நாட்டின் காட்டோர வயல்களில் நிற்கிறது. வேளாண் பொறியியல் துறை அதற்கு மானியமும் தந்திருக்கிறது. ஆனால் பெட்டியை விட்டுவிட்டுக் கம்பி மட்டும் வந்து சேர்ந்த வயல்களும் இருக்கின்றன. மோட்டார் ரூமிலிருந்து ஒரு ஒயரை இழுத்து, குச்சி நட்டு, ஜிஐ கம்பியில் மாட்டிவிட்டால் காசு மிச்சம் என்று நினைக்கிறார்கள். 1930களின் அமெரிக்க விவசாயி செய்த அதே தவறு, 1915இன் எல்லையில் ஓடிய அதே இடைவிடாத மின்சாரம்.

2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே இப்படிக் கட்டிய கம்பியில் மூன்று யானைகள் இறந்தன. இரண்டு குட்டிகள் தப்பின. தாய் விழுந்து கிடந்த இடத்தை விட்டு அவை போகவில்லை. அந்தப் படங்களைப் பார்த்தவர்களுக்கு மறக்காது. யானை இறந்தால் செய்தி வருகிறது. இருட்டில் தண்ணீர் பாய்ச்சப் போன பக்கத்து வயல்காரர் இறந்தால் ஒரு பத்திச் செய்தி. மயிலும் நாயும் நரியும் இறந்தால் அதுவும் இல்லை. அந்த ஆண்டே தமிழ்நாடு அரசு மின்வேலிகளைப் பதிவு செய்யவும் ஒழுங்குபடுத்தவும் விதிகள் கொண்டுவந்தது. தரச்சான்றுக்கு உட்பட்ட பெட்டி இருக்க வேண்டும், காப்புக்காட்டை ஒட்டிய இடங்களில் முன்அனுமதி வாங்க வேண்டும் என்பது அதன் சாரம்.

விதியைப் படிக்க நேரம் இல்லாதவருக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது. கோழிக்கு மின்வலை போட நினைத்தால் முதலில் நல்ல பெட்டிக்குப் பணம் ஒதுக்குங்கள். கம்பியிலும் கழியிலும் மிச்சம் பிடியுங்கள். பெட்டியில் வேண்டாம். எர்த் கம்பியை ஆழமாக அடியுங்கள். வலையோரப் புல்லை வாரம் ஒருமுறை வெட்டுங்கள். கூண்டுக் கதவைச் சாத்துங்கள். மோட்டார் ரூம் ஒயரைத் தொடவே தொடாதீர்கள்.

படுக்கப் போகும் முன் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்று காது கொடுங்கள். 'டிக்' என்று கேட்டு, ஒரு நொடி அமைதியாகி, மறுபடி 'டிக்' என்று கேட்டால் நிம்மதியாகப் போய்ப் படுக்கலாம். சத்தமே இல்லையென்றால் அந்தக் கம்பியில் மின்சாரமே ஓடவில்லை, அல்லது நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது. முதலாவது என்றால் காலையில் கோழி இருக்காது. இரண்டாவது என்றால் இருட்டில் அந்தப் பக்கம் வருவது நரியாகத்தான் இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.